தேக்சாவில் காய்ச்சிய பட்டை

போன ஐப்பசியில் என் மனைவி ஆரோக்கியமேரியை அடக்கம் செய்தோம். பூசை வைத்த சாமியார் பங்குக்குப் புதியவர். "ஒருவருக்கும் கடன்படாமல் வாழ்ந்த அம்மாள்" என்று பிரசங்கத்தில் சொன்னார். பின்வரிசையில் இருந்த தெருப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்றைய தேதியில் மேரி எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வீடுகளுக்குக் கடன்காரி. ஒரு வீட்டுக்கு அரைப்படி உளுந்து, ஒரு வீட்டுக்குக் கைப்பிடி புளி. இன்னொரு வீட்டு முறுக்குக் குழல் இரண்டு வருடமாக எங்கள் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. சாமியார் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் இறந்துபோனவளைப் பற்றி இப்படி ஒரு அவதூறு ஊரில் நிற்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அவள் கடன் வாங்கத் தெரிந்தவள். அவளுக்கு அது தெரியாமல் இருந்திருந்தால் 1913-ஆம் வருடமே நாங்கள் ரங்கூனுக்குத் திரும்பக் கப்பல் ஏறியிருப்போம்.

நாங்கள் இருவரும் ரங்கூனில் பிறந்தவர்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். எதற்காக ஏறினார் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, ஆகவே நல்ல காரணமாக இருந்திருக்காது. தமிழ் பேசுவோம், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம், இந்தத் தேசத்தைப் பார்த்ததில்லை. நான் ரங்கூனில் ஒன்பது வருடம் தோல் பதனிடும் வேலை பார்த்தேன். என் முதலாளி ஆம்பூர்க்காரர். சம்பளம் கேட்கும்போதெல்லாம் ஆம்பூரைப் பற்றிப் பேசுவார். பாலாற்றுத் தண்ணீரில் தோல் தானாகவே பதமாகும் என்பார். சம்பளத்தைவிட அந்தப் பேச்சு எனக்கு அதிகம் கிடைத்ததால் கடைசியில் நம்பிவிட்டேன்.

முந்நூறு ரூபாய் சேர்ந்ததும் மேரியோடு ஆம்பூர் வந்து இறங்கினேன். எனக்கு வயது முப்பது, அவளுக்கு இருபத்து நாலு. தோல் ஷாப்பு, அதாவது பதனிடும் கொட்டகை, வைத்திருந்த இஷ்தியாக் அகமது சாயபுவிடம் தோல் ஊறப்போடும் நான்கு குழிகளை வருட வாடகைக்குப் பிடித்தேன். முன்பணம் இருநூறு. அதற்கு மேல் பதமாகும் ஒவ்வொரு நூறு தோலுக்கும் அவருக்கு ஒரு தொகை. ஆகவே ஒரு நிபந்தனையும் போட்டார்: புரட்டாசி பிறப்பதற்குள் குழியில் தோல் விழவில்லை என்றால் குழியும் போய்விடும், முன்பணமும் போய்விடும். நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஆடி மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. பதனிடச் சுண்ணாம்பும் ஆவாரம் பட்டையும் வாங்கியது போகக் கையில் ஐம்பத்தைந்து ரூபாய் இருந்தது.

பச்சைத் தோல் விற்றவர் வாஹித் பாஷா சாயபு. அவருடைய மண்டியில் இருநூறு தோலுக்குக் குறைந்து பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். நல்லதும் ஓட்டையும் கலந்துதான் ஒரு கட்டு. இருநூறுக்கு விலை நூற்று நாற்பது. பாஷா சாயபு வந்தவனின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார்.

"செருப்பு எங்க வாங்கினது?"

"ரங்கூன்ல, சாயபு."

"எருமத் தோலு. பதம் நல்லாருக்குது. இன்னா வேணும்?"

"இருநூறு ஆட்டுத் தோலு. நாப்பது நாள் வாய்தா." நாற்பது நாளில் தோல் பதமாகிச் சென்னைக்குப் போய்ப் பணமாகிவிடும். வாங்கின இடத்தில் அப்போது கொடுப்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம்.

"யாரு ஆளு நீ?"

"தானியேல்."

"பேரு கேக்கல. யாரு ஆளுன்னு கேட்டேன்."

"இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது, சாயபு. ஆனா பொறந்ததுலேர்ந்து ஒருத்தன்கிட்டயும் கடன்னு கை நீட்டினதில்ல."

இதை நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தோல்களுக்கு உப்பு போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஒருத்தன்கிட்டயுமா?"

"ஒரு தம்பிடி கூட இல்ல."

"அப்ப நீ திருப்பிக் குடுப்பியா மாட்டியான்னு ஒருத்தனுக்கும் தெரியாது." பாஷா சாயபு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தெருப்பக்கம் கையைக் காட்டினார். "அதோ குடை புடிச்சிகினு போறானே, அவன் மூணு பேருக்குத் தரணும். ஒருத்தனுக்கு இழுத்தடிச்சித் தருவான். ஒருத்தனுக்கு அழுதுகினே தருவான். எனக்குச் சொன்ன நாள்ல தந்துடுவான். அவனப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும். உன்னப் பத்தி இன்னா தெரியும்? செருப்பு நல்லாருக்குதுன்னு தெரியும்."

ரொக்கம் ஐம்பது தருகிறேன், மீதிக்கு வாய்தா கொடுங்கள் என்றேன். மீதிக்கு யார் ஜாமீன் என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீடு என்று சொன்னது ஒரே அறை. அதுவும் பாஷா சாயபு வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டிய அறைதான். சுவரில் இடுப்பளவுக்கு ஒரு திறப்பு இருந்தது. மேரி அதன் அருகே நின்று, கையில் படியோடு, பாஷா சாயபுவின் மனைவி முனவ்வர் பேகத்திடம் உளுந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வீட்ல ஒரு மூட்டை உளுந்து இருக்குது. எதுக்கு அங்க போய்க் கேட்ட?" என்றேன்.

"உளுந்து இருக்குது. அவங்களத் தெரியலயே."

"தெரியாதவங்ககிட்ட கடன் கேப்பாங்களா?"

"சும்மா போய் நின்னா இன்னான்னு சொல்றது? படிய எடுத்துகினு போனா ஒரு வேலை இருக்குது."

நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். அளந்து வாங்கியதைக் குவித்துக் கொடுத்தாள், மேலே ஆறு வடை. அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்று முனவ்வர் பேகம் அதில் சேமியா போட்டு அனுப்பினாள். அதை வெறுமனே அனுப்பக் கூடாது என்று மேரி வேறு ஏதோ போட்டாள். அன்றிலிருந்து அந்தப் பாத்திரம் நிற்கவே இல்லை. அது யாருடைய பாத்திரம் என்பது கொஞ்ச நாளில் இரண்டு வீட்டுக்கும் மறந்துவிட்டது.

இதிலிருந்து நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். தேவையில்லாமல் வாங்கு, திருப்பிக் கொடு, பேர் வரும். அவ்வளவுதானே.

எனக்குப் பட்டை விற்றவர் ஆதிகேசவன். ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தேன் என்பதால் அவருக்கு என்மேல் கொஞ்சம் பிரியம். அவசரம் என்று சொல்லி இருபத்தைந்து ரூபாய் கேட்டேன். கொடுத்துவிட்டார். கொண்டுவந்து அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். மறுநாள் விடிந்ததும், அவர் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்று, இருபத்தைந்தையும் அவர் கையில் வைத்தேன்.

அவர் பணத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இன்னாய்யா, வேலை ஆயிடுச்சா?"

"வேலை ஒண்ணும் இல்ல. பானையில வெச்சிருந்தேன்."

"பானையில வெக்கிறதுக்கு என் ரூபா எதுக்கு?"

"திருப்பிக் குடுக்கிறவன்னு உங்களுக்குத் தெரியணும்னுதான்."

உலகத்தில் யாரும் நம்ப முடியாத காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆதிகேசவன் நாக்கை ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு ரூபாயாகக் கல்லில் சுண்டினார். பதினேழாவது ரூபாய் மந்தமாக ஒலித்தது. அது அவர் கொடுத்த ரூபாய்தான். அவர் பெட்டியில் அது எத்தனை வருடமாக மந்தமாகக் கிடந்ததோ. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "போய்ட்டு வா" என்றார், மரியாதையாக.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ரங்கூன்காரன் ராத்திரி நல்ல ரூபாய் வாங்கிக் காலையில் கள்ள ரூபாய் மாற்றிக் கொடுக்கிறான். உப்புக்காரி என் இரண்டணாவை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். நாவிதர் கூலியை முதலில் வாங்கி, மனைவியிடம் கொடுத்தனுப்பி, பதில் வந்த பிறகுதான் கத்தியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தட்டு ஏந்தி வந்தவர் என் அரையணாவைத் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சேசுவுக்குச் சேர்த்தார். கடன் கிடைக்காதவனாக இருந்த நான் இப்போது ரொக்கமும் செல்லாதவன் ஆகிவிட்டேன்.

மேரி இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த சாதம் அடி பிடித்தது.

"உளுந்து வாங்கி, ஊற வெக்காம, அரைக்காம, மறுநாளே குடுத்தா முனவ்வர் அக்கா இன்னா நெனப்பாங்க? அதுல இன்னாத்தக் கலந்தான்னுதானே பாப்பாங்க? வாங்கினா செலவு பண்ணணும். கொஞ்சம் நாள் போவணும். அவங்க நெனச்சிக்கிற நேரத்துல போய் நிக்கணும்."

"இது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"கேட்டீங்களா?"

ஆவணி பாதிக்கு மேல் போய்விட்டது. இஷ்தியாக் அகமது சாயபு ஒரு ஆளை அனுப்பிக் குழிகளைப் பார்க்கச் சொன்னார். காய்ந்து வெடிக்கக் கூடாது என்று நான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து நிரப்பியிருந்தேன். வந்தவன் எட்டிப் பார்த்தான்.

"தவள பதம் போடுறியா?" என்றான். "புரட்டாசி பொறக்க பத்து நாள் இருக்குது. சாயபு ஞாபகப்படுத்தச் சொன்னாரு."

செப்டம்பர் எட்டாம் தேதி ஆரோக்கிய மாதா திருநாள், மேரியின் பெயர்த் திருநாள். தெருவுக்குப் பாயசம் வைக்க வேண்டும் என்று முனவ்வர் பேகத்திடம் பெரிய தேக்சாவைக் கேட்டு வாங்கிவந்தாள். செம்பில் அடித்து உள்ளே வெள்ளீயம் பூசிய பிரியாணிப் பாத்திரம் அது. கழுத்தில் வா. பா. என்று பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கும் கந்தூரி விருந்துக்கும் மட்டும் வெளியே வரும் பாத்திரம். நாங்கள் இரண்டு பேராகத் தூக்கி வந்தோம். பாயசம் நன்றாக இருந்தது, என் அரையணாவைத் தட்டிப் பார்த்தவர் மூன்று தரம் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை மேரி துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். தேக்சா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. என் மனதில் இருந்ததெல்லாம் ஆதிகேசவனின் பட்டை. ரங்கூனில் நாங்கள் வேறு பட்டையில் வேலை செய்தவர்கள். ஆவாரம் பட்டை எனக்குப் புதிது. எவ்வளவு சாறு இறங்கும், எத்தனை நாளில் ஏறும், ஒன்றும் தெரியாது. ஒருவேளை யாராவது தோல் கொடுத்தால் குழியில் இட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். சின்ன அளவில் காய்ச்சிப் பார்க்கலாம் என்றால் வீட்டில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் கைக்கடக்கம். தேக்சா கண்ணில் பட்டது.

பட்டையைப் போட்டுக் காய்ச்சினேன். நிறம் நன்றாக இறங்கியது. ரங்கூனிலேயே சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் எடுத்துக் கொண்டுவந்த ஆட்டுத்தோல் துண்டு ஒன்று இருந்தது, உள்ளங்கை அகலம். ஆறவிட்டு அதையும் உள்ளே போட்டுக் கிளறினேன். வேலை சுவாரசியமாக இருந்தது. துண்டில் நிறம் ஏறிய பிறகுதான், எதில் கிளறிக்கொண்டிருக்கிறேன் என்பது மண்டையில் ஏறியது.

கொட்டிவிட்டுப் பார்த்தால் உள்ளே அடி முழுக்கக் கறுப்பு. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. ஆற்று மணல் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போயிற்று, அதோடு ஈயமும் போயிற்று. மேரி துணி மூட்டையோடு வந்தபோது செம்பு பளபளவென்று அவளைப் பார்த்துச் சிரித்தது.

மூட்டையை இறக்கிவிட்டுத் தேக்சாவுக்குள் மூக்கை விட்டாள்.

"இதுல இன்னா வெச்சீங்க?"

சொன்னேன்.

"தோலுமா?"

"சின்னத் துண்டு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வந்த நாளிலிருந்து அவள் அரைப்படி அரைப்படியாகச் சேர்த்தது எல்லாம் அந்தப் பாத்திரத்தின் அடியில் தேய்ந்து போயிருந்தது. அது எனக்கும் தெரிந்தது.

பிறகு எழுந்து, "கலாய் போடுறவரக் கூட்டிகினு வாங்க" என்றாள்.

ஊரில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் நயீம் அகமது. துருத்தியும் கரியுமாக வந்து உட்கார்ந்தார், தேக்சாவைப் புரட்டினார், கழுத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தார். அவர் படித்தவரில்லை, ஆனால் அந்த இரண்டு எழுத்தையும் அவர் அப்பா காலத்திலிருந்து தெரியும்.

"பாஷா சாயபு வீட்டு தேக்சா. போன ரம்ஜானுக்குத்தான் நான் போட்டேன். இத யாரு சொரண்டினது? இன்னா காய்ச்சினீங்க இதுல?"

"பாயசம்" என்றேன்.

அவர் விரலால் அடியைத் தொட்டு முகர்ந்தார். தோல் ஊரில் பிறந்த மூக்கு. என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, பாயசத்தில் ஆவாரம் பட்டை போடுகிறவன் இன்னும் பிறக்கவில்லை என்று. துருத்தியை ஊதி ஈயம் பூசினார். கூலி ஒன்றேகால் ரூபாய். எடுத்து நீட்டினேன். அவர் கை வரவில்லை.

"உன் ரூபா எனக்கு வேணாம்பா. பேஜாரு. அப்புறமா வேற யாரு கையாலயாவது குடு."

இப்படியாக ஆம்பூரில் முதன்முதலாக எனக்கு ஒருவர் கடன் கொடுத்தார்.

அவர் துருத்தியைச் சுருட்டிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் மேரி முந்தானையைச் செருகினாள். "அவர் நேரா மண்டிக்குத்தான் போவாரு. வழியில டீ குடிப்பாரு. அதுக்குள்ள நீங்க போய்ச் சொல்லணும். நான் அக்காகிட்ட சொல்றேன்."

"புதுசு மாதிரி இருக்குது. சொல்லாம குடுத்தா தெரியாதே."

"நயீம் பாய்க்குத் தெரியும். அப்ப ஊருக்கே தெரியும். நமக்கு முன்னாடி வேற ஒருத்தர் சொன்னா நம்ம கத முடிஞ்சிது."

நான் ஓடினேன். முப்பது வயதுக்காரன் தெருவில் ஓடினால் ஊர் என்ன நினைக்கும் என்ற கவலை எனக்கில்லை. ஊர் ஏற்கனவே நினைத்து முடித்துவிட்டது.

பாஷா சாயபு தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை, ஓடும்போது ஒன்று கழன்றுவிட்டது, இன்னொன்றை நானே கையில் எடுத்துக்கொண்டேன்.

"சாயபு, உங்க வீட்டு தேக்சாவுல நான் பட்டை காய்ச்சிட்டேன்."

உப்பு போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த தேக்சா?"

"பெருசு. பேரு வெட்டினது."

"பிரியாணி தேக்சா."

"ஆமா. கறுத்துப்போச்சு. நான் மணல் போட்டுத் தேய்ச்சி ஈயத்தயும் எடுத்துட்டேன். இப்ப கலாய் போட்டாச்சு. அதுல தோலும் போட்டேன், ஒரு துண்டு."

"இன்னா தோலு?"

"ஆட்டுத் தோலு."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். இப்போது கை ஓங்குவார் என்று நினைத்தேன்.

"பதமாச்சா?"

நான் விழித்தேன்.

"கேக்குறன் இல்ல. பதமாச்சா?"

சட்டைப் பையில் அந்தத் துண்டு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பாஷா சாயபு அதை நீட்டினார், மடித்தார், ஓரத்தை நகத்தால் பிரித்து நடுவில் நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார். முகர்ந்தார். பிறகு, சொல்லக் கூடாது, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சுண்ணாம்பு எடுத்தது யாரு?"

"நான்தான். ரங்கூன்ல."

"சுத்தமா எடுத்திருக்க. பட்ட பழசு. யாருகிட்ட வாங்கின?"

"ஆதிகேசவன்கிட்ட."

"போன வருசத்துப் பட்ட. உன் தலையில கட்டிட்டான். இதுக்கு ஒண்ணரப் பங்கு ஜாஸ்தி போடணும்." பக்கத்தில் இருந்த ஆளிடம் துண்டை நீட்டினார். அவனும் மடித்துப் பார்த்தான். மூன்றாவது ஆளும் பார்த்தான். கொஞ்ச நேரம் தேக்சாவை எல்லாரும் மறந்துபோனார்கள். எனக்கு மட்டும் மறக்கவில்லை.

"கலாய் யாரு போட்டது?"

"நயீம் அகமது பாய்."

"ரொக்கமா குடுத்தியா?"

"இல்ல. அப்புறம் தரச் சொன்னாரு."

பாஷா சாயபு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "நயீம் உனக்குக் கடன் வெச்சானா? என் பொண்ணு கல்யாணத்துக்கு கலாய் போட்டுட்டு, என்கிட்டயே கூலிய வாங்காம எழுந்திருக்கல அவன்."

அவர் ஏன் வாங்கவில்லை என்ற காரணத்தை அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது, கேட்காததைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை.

"போன மாசம் நீ யாரு ஆளுன்னு கேட்டேன். பதிலு இல்ல" என்றார் பாஷா சாயபு. "இப்ப எவனாவது கேட்டா சொல்லலாம். என் தேக்சாவக் கெடுத்துட்டு, நயீம் வர்றதுக்கு முன்னாடி ஓடியாந்து சொன்னவன். ஊருல உனக்கு ஒரு அடையாளம் ஆச்சு." கணக்கு எழுதுகிறவரைப் பார்த்தார். "இருநூறு தோலு, நாப்பது நாள். வாய்தாவுக்கு விலை நூத்தம்பது. தேக்சா தானியேல்னு எழுது, தானியேல்னு நாலு பேரு இருக்கான்."

நான் தோல் வண்டியோடு திரும்பும்போது எதிரில் நயீம் அகமது வேகமாக வந்துகொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது. புரட்டாசி பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது நான்கு குழிகளிலிருந்தும் தவளைகள் வெளியேறின.

பேர் கிடைப்பது ஒரு வேலை. அதைக் கெடுக்காமல் வைத்திருப்பது வேறு வேலை, அதில் தூக்கம் கிடையாது. நாற்பதாம் நாள் பணம் வரவில்லை என்றால் அடுத்த கட்டு இல்லை. அடுத்த கட்டு இல்லையென்றால் குழி மறுபடியும் காலி, இஷ்தியாக் சாயபுவின் ஆள் மறுபடியும் எட்டிப் பார்ப்பான். சாயபு சொன்னபடி பட்டை ஒன்றரைப் பங்கு போட்டேன். புரட்டாசிக் கடைசி மழையில் தோல் காய மாட்டேன் என்றது. நானும் இரண்டு கூலியாட்களும் தோலை எடுத்துக்கொண்டு வெயில் வந்த பக்கமெல்லாம் அலைந்தோம். முப்பத்தாறாம் நாள் ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோய், பெரியமேட்டில் ஒரு தரகர் என்னை எப்படியெல்லாம் அவமானப்படுத்தலாமோ அப்படியெல்லாம் அவமானப்படுத்தி முடித்த பிறகு, நூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்கு விற்றேன்.

முப்பத்தொன்பதாம் நாள் பாஷா சாயபுவுக்கான நூற்றைம்பதைத் துணியில் முடிந்து வைத்தேன். மறுநாள் புறப்படும்போது மேரி முடிச்சை அவிழ்த்து மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டாள்.

"அது சாயபுது."

"தெரியும். மூணு பாக்கி வெச்சிட்டு வாங்க. முழுசாக் குடுத்துட்டா, வந்த வேலை முடிஞ்சிதுன்னு அவரு எழுந்துடுவாரு. பாக்கி இருந்தா உக்காரச் சொல்லுவாரு."

"எனக்குப் பயமா இருக்குது."

"இருக்கட்டும். கணக்குக் குறைவா இருக்குதுன்னு அவரு சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க."

மண்டியில் பணத்தை வைத்தேன். யாரும் கல்லில் சுண்டவில்லை. அதைப் பார்த்த சந்தோஷத்தில் சொல்ல வேண்டியதை மறந்துவிட்டேன். பாஷா சாயபு எண்ணி முடித்தார்.

"மூணு கம்மி."

"ஆமா, சாயபு."

"ஏன்?"

அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தரகு, ரயில் கூலி என்று எதையாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது உண்மைதான்.

"வீட்ல எடுத்துகினா."

உப்பு போடுகிறவர்கள் சிரித்தார்கள். பாஷா சாயபு சிரிக்கவில்லை. பெண்டாட்டி உள்ள ஒருவன் இன்னொருவனைப் பார்ப்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உக்காரு" என்றார். பிறகு கணக்கு எழுதுகிறவரிடம், "மூணு பாக்கி, புதுசா இருநூறு" என்றார்.

வண்டியில் தோல் ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி வீடு வந்தேன். வாசலிலேயே சொன்னேன். மேரிக்கு முகம் மலர்ந்தது.

"மூணு ரூபாயப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"இன்னா சொன்னீங்க?"

"நீ எடுத்துகினேன்னு சொன்னேன்."

அவள் முகம் மாறிவிட்டது. "என் பேரச் சொன்னீங்களா? அம்மாம் பேரு முன்னாடி?"

"உண்மைதானே."

"சாயபு வீட்டுக்குப் போய்ச் சொல்லுவாரு. புருசனோட கடன் பணத்துல கை வெக்கிற பொம்பளன்னு அக்கா நெனப்பாங்க. அப்புறம் அந்தச் சுவத்துப் பக்கம் நான் போவ முடியுமா? நீங்க ஒரு பேரு வாங்கறதுக்கு என் பேர வித்துட்டு வந்திருக்கீங்க."

அவள் மூன்று ரூபாயையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சுவர்த் திறப்பருகே இரண்டு பெண்களின் குரலும் தாழ்ந்து கேட்டது. இவள் ஏதோ சொன்னாள். அவள் ஏதோ உருதுவில் சொன்னாள். தூறல் விழ ஆரம்பித்தது. வண்டிக்காரன் தோலை இறக்கிப் போட்டுவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனான், காசைப் பார்க்கக்கூட இல்லை.

மேரி திரும்பி வந்தாள். கண்ணெல்லாம் நனைந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று எழுந்தேன். அவளால் பேச முடியவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"திட்டினாங்க."

"எடுத்ததுக்கா?"

"மூணோட நிறுத்தினதுக்கு. அவங்க மாசம் அஞ்சு எடுப்பாங்களாம். பதினெட்டு வருசமா. சாயபுக்குத் தெரியுமாம். தெரியாத மாதிரி இருக்காராம்."

"அப்ப உன் பேரு?"

"எனக்கு ஒண்ணும் ஆவல." மூன்று ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இன்னா நின்னுகினு இருக்கீங்க? இருநூறு தோலு மழையில கெடக்குது. போய்க் குழியில போடுங்க."